பக்க எண் இல்லாத சீட்டு

ஜனவரி 8

அன்புத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போதும் உன் அண்ணன் உயிரோடுதான் இருப்பான் என்று டாக்டர் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார். உன் முட்டிவலி எப்படி? எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்துவிடுகிறாயா?

மாரடைப்பு வந்து இரண்டு மாதம் ஆகியும் எனக்கு வீட்டுச் சிறைதான். உன் அண்ணி பத்திரிகையை வாசலிலேயே மடக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். ரேடியோ பரண்மேல் ஏறிவிட்டது. "அதிர்ச்சி தர்ற எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்கிறாள். "அப்ப முதல்ல அந்த முகம் பார்க்கிற கண்ணாடிய எடு" என்றேன். முறைத்தாள். நல்லவேளை, அகராதி வேலையை மட்டும் தடுக்கவில்லை. சீட்டுப் பெட்டிகள் வீட்டுக்கே வருகின்றன.

இப்போது ஆங்கில யூ எழுத்தில் நிற்கிறோம். அனவெய்லிங்லி என்று ஒரு வினையடை. 'பலனின்றி' என்று பொருள். பேச்சில் யாரும் சொல்ல மாட்டார்கள். நாவலில் எப்போதாவது வரும், செய்தியில் அதைவிட அபூர்வம். பழைய பதிப்பில் ஒரே சொல்லில் பொருள் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அது எங்கே, எப்படி வருகிறது என்று நான் காட்ட வேண்டும். என்னிடம் நாற்பது மேற்கோள் சீட்டு இருக்கிறது. நூலகத்தில் பத்திரிகைப் பிரிவையே கட்டி மேய்க்கிற தங்கச்சி இருக்கும்போது நாற்பதோடு ஏன் நிற்க வேண்டும்?

விதி உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வாக்கியத்தை ஒரு காற்புள்ளிகூட மாறாமல் எழுது. நம் அகராதியில் ஆள் பெயர் வராது. பெயர் வரும் இடத்தில் மூன்று புள்ளி. கீழே பத்திரிகை அல்லது நூல், தேதி, பக்கம், பத்தி. பக்க எண் இல்லாத சீட்டு சீட்டே இல்லை.

நெட்டையன் எப்படி இருக்கிறான்? குடிநீர்ச் சுரங்கத்தில் அளவெடுக்கிற வேலை பிடித்திருக்கிறதா? தலைமைப் பொறியாளர் என்னோடு படித்தவர் என்பதால் வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். மாமாவுக்கு ஒரு வரி எழுதினால் சுரங்கம் இடிந்துவிடுமா என்று கேள்.

மூச்சு வாங்காமல் இவ்வளவு எழுதிவிட்டேன் என்பதே என் உடல்நிலைச் செய்தி.

அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணா,

உன் கையெழுத்து நடுங்குகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. பிறகுதான் படித்தேன். என் முட்டி அப்படியே இருக்கிறது, எண்ணெய் பாட்டிலும் அப்படியே இருக்கிறது.

மூன்று சீட்டு அனுப்புகிறேன். மூன்றும் நாவல். ஒருத்தி பூட்டிய கதவைத் தட்டுகிறாள், ஒரு வக்கீல் வாதாடுகிறார், ஒரு குழந்தை தொலைந்த நாயைக் கூப்பிடுகிறது. எல்லாம் உன் சொல்லோடுதான். பாவி மனசு, அடுத்தவர் கஷ்டத்தைப் படிக்கச் சுகமாக இருந்தது.

செய்தியில் இன்னும் கிடைக்கவில்லை. பைண்டு செய்த பழைய இதழ்களைப் புரட்டப் புரட்டத் தும்மல்தான் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அச்சகத்தில் வேலைநிறுத்தம் நடந்ததே, நினைவிருக்கிறதா? பத்திரிகை வராத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, தேதி போட்டு, 'இதழ் வெளிவரவில்லை' என்று எழுதிக் கட்டியிருக்கிறேன். அப்போது என் எழுத்து எவ்வளவு அழகு!

நெட்டையன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். வழக்கம்போல் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரம் தூங்கி, பானையைக் காலி செய்துவிட்டுப் போனான். "மாமாவுக்கு எழுதுடா" என்றால், "எழுதினா தப்பெல்லாம் சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்புவாரும்மா" என்கிறான்.

படி ஏறாதே. அண்ணியிடம் வம்பு பண்ணாதே.

தங்கச்சி


ஜனவரி 30

அன்புத் தங்கச்சிக்கு,

இன்று வாசல்வரை நடந்தேன். கொண்டாடு.

வக்கீல் சீட்டில் ஒரு காற்புள்ளியை விழுங்கிவிட்டாய், திருப்பி அனுப்புகிறேன். மாப்பிள்ளை என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறான். ஆனால் அவன் கடிதத்தை மட்டும் திருத்த மாட்டேன், சத்தியம் என்று சொல்.

எனக்குச் செய்திதான் வேண்டும். அதைக் கண்டுபிடி. கண்ணுக்கு ஓய்வு கொடு, முட்டிக்கு எண்ணெய் கொடு.

அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணி,

இதைப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். அண்ணன் கண்ணில் படக்கூடாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். நலம் விசாரிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

ஒன்பதாம் தேதி சுரங்கம் இடிந்துவிட்டது. நம் பிள்ளை உள்ளே இருக்கிறான். இன்னும் இரண்டு பேர் அவனோடு. அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனவன் அவன்தானாம்.

ஐந்து நாளாகச் சுரங்க வாயிலில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரங்கள் ஓடுகின்றன. அவ்வப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் வருகிறதா என்று கேட்கிறார்கள். அப்போது நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அவன் சாப்பாட்டு டப்பா நூறு அடியில் கிடைத்தது. நான் கட்டிக் கொடுத்தபடியே, மூடி திறக்காமல் இருந்தது. தலைமைப் பொறியாளர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அண்ணன் வாங்கிக் கொடுத்த வேலை இது. தெரிந்தால் அந்த நெஞ்சு தாங்காது. ஒரே நேரத்தில் இரண்டு பேரை என்னால் இழக்க முடியாது, அண்ணி. பத்திரிகைத் தடையை விட்டுவிடாதீர்கள். அவனை வெளியே கொண்டுவந்த பிறகு நானே சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 23

கண்ணே,

கரும்பலகைக்கு முன்னால் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். சாக்பீஸ் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றேன்.

உடனே ஓடி வந்திருக்க வேண்டும். நான் கிளம்பினால் எதற்கு என்று கேட்பார், எனக்கு அவரிடம் பொய் நிற்காது. கைகால் கட்டிப் போட்டது போல இருக்கிறேன். தினமும் "தங்கச்சிகிட்ட இருந்து சீட்டு வந்துச்சா?" என்று கேட்கிறார். நேற்று, "என்னமோ நடந்திருக்கு, அவ இப்படி இருக்க மாட்டா" என்றார். உன்னிடம் இதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றி நாலு வரி எழுதிப் போடு.

தேடுவதை நிறுத்திவிட்டதாகப் பத்திரிகையில் பார்த்தேன். பொய்யாக இருக்கட்டும். சாப்பிடு.

அண்ணி


மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறேன். முட்டிவலி இருப்பதே மறந்துவிட்டது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே, வேலை அதிகம்.

நீ கேட்ட செய்தி கிடைத்துவிட்டது. சீட்டை வைத்திருக்கிறேன். தமிழில் சொன்னால், '... உட்பட மூவரையும் மீட்புக் குழுவினர் பதினோரு நாள் பலனின்றித் தேடினர்.' அந்தப் 'பலனின்றி' இருக்கிற இடத்தில்தான் உன் சொல். உன் விதிப்படி பெயருக்கு மூன்று புள்ளி வைத்துவிட்டேன். தேதி பிப்ரவரி 21. பக்க எண்ணை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க இப்போது என்னால் முடியாது.

அண்ணா, ஒரு சந்தேகம். உன்னிடம் இருக்கிற அத்தனை சீட்டிலும், பலனின்றித் தேடினார்கள் என்று எழுதிய பிறகு, அடுத்த வரியிலோ அடுத்த நாளிலோ தேடியது கிடைத்ததாக ஒன்றாவது இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். ஆனால் எல்லாச் சீட்டையும் பார்த்துவிட்டுச் சொல். ஒன்றுகூட விடாதே.

நெட்டையன் சுரங்கத்தில்தான் இருக்கிறான். வெளியே வர முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை.

நீ நன்றாக இரு. நீயாவது நன்றாக இரு.

தங்கச்சி


மார்ச் 12

என் அறிவுச்சுடர் தங்கச்சிக்கு,

பலே! அகராதி அலுவலகத்தில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், இப்படி ஒரு கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. நெஞ்சுவலியெல்லாம் பறந்துவிட்டது. இரண்டு நாள் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். நாவல்களைத் தேடி எடுத்து அடுத்தடுத்த பக்கங்களையும் படித்தேன்.

கேள். நாவலில் இந்தச் சொல் நடுவில் வருகிறது. எழுதுகிறவர் கையில் இன்னும் நூறு பக்கம் மிச்சம் இருக்கிறது. பூட்டிய கதவை எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடலாம். இருபத்தொன்பது நாவல் சீட்டில் ஒன்பதில் தேடியது பின்னால் கிடைத்துவிடுகிறது. உன் குழந்தையின் நாய்கூட இருபத்தேழாம் அத்தியாயத்தில் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது!

செய்தியில் அப்படி இல்லை. பதினான்கு சீட்டு. பதினான்கிலும் சொல் கடைசி வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறது. செய்தியாளர் மூட்டை கட்டிவிட்டார் என்று பொருள். கிடைக்கும் என்று துளி நம்பிக்கை இருந்தாலும் 'தேடி வருகின்றனர்' என்றல்லவா எழுதியிருப்பார்? பதினான்கில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. உன்னுடையது பதினைந்தாவது. அதுவும் அப்படித்தான், எழுதி வைத்துக்கொள். இந்த வேறுபாட்டை அகராதியில் குறிப்பாகவே போடப்போகிறேன். உன்னால் வந்த குறிப்பு.

ஆனால் நீ பக்க எண்ணை மறப்பதா! வயசாகிறது உனக்கு. டாக்டர் வெளியே நடக்க அனுமதித்துவிட்டார். அடுத்த வாரம் அலுவலகம் போய் நானே பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை உள்ளேயே குடித்தனம் நடத்துகிறானா? ஒரு பெண்ணைப் பார்த்து நிச்சயம் பண்ணு, தானாக வெளியே வருவான்.

ரொம்ப நாள் கழித்துச் சந்தோஷமாக இருக்கும்,
அண்ணன்


மார்ச் 20

அண்ணி,

இது உங்கள் கைக்கு வருவதற்குள் அண்ணன் அலுவலகம் போகாமல் இருக்க வேண்டும். எப்படியாவது தடுத்து நிறுத்துங்கள். அந்தத் தேதிப் பத்திரிகையைத் திறந்தால் மூன்று புள்ளி இருக்காது, பெயர் இருக்கும்.

சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு அடைக்கப் போகிறார்கள். மேலே இருக்கிற வீடுகளுக்கு ஆபத்தாம். மூன்று குடும்பமும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற இரண்டு வீட்டிலும் போட்டுவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. நான் போடவில்லை. நான் போடாதவரை அவர்கள் மூட முடியாது. உள்ளே என் பிள்ளை இருக்கும்போது நானே எப்படிக் கதவைச் சாத்துவேன்?

அண்ணனுடைய கடிதம் வந்தது. பதினான்கில் ஒருவரும் இல்லையாம். சந்தோஷமாக எழுதியிருந்தது. படித்துவிட்டு நூலகத்துப் பசைக் கிண்ணத்தைத் தரையில் போட்டு உடைத்தேன். தவறி விழுந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அண்ணன்மீது கோபம் இல்லை. இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 2

தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

போன கடிதத்தில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அது தவறு. செய்தியிலும் ஒன்று இருக்கிறது. பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததால் எண்ணும்போது விட்டுப்போயிற்று. சீட்டை இணைத்திருக்கிறேன். '...ஐ ஏழு வாரம் பலனின்றித் தேடிக் கைவிட்டனர். அறுபதாம் நாள், சுரங்கத்தின் பக்கவழி ஒன்றில், பாறையில் கசிந்த நீரைக் குடித்தபடி அவர் உயிருடன் இருந்தார்.' தேதி, பக்கம் நான்கு, பத்தி இரண்டு, எல்லாம் சீட்டில் இருக்கிறது.

ஆகவே நடக்கும். நடந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. முட்டிக்கு எண்ணெய் தேய்.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன், உண்மையைச் சொல்.

உன் சீட்டு ஐந்தாம் தேதி நூலகத்துக்கு வந்தது. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குப் போய்விட்டேன். பொறியாளர் முன்னால் உன் சீட்டை நீட்டினேன். "எங்கண்ணன் அகராதிக்காரர். ஒரு காற்புள்ளி தப்பா எழுத மாட்டாரு. அறுபது நாள் முடியட்டும் சார், அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உன் கையெழுத்து அவருக்கும் தெரியுமே. பிறகு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

நீ கடிதம் எழுதிய நாள், சுரங்கம் இடிந்து ஐம்பத்திரண்டாவது நாள். சீட்டில் அறுபது. எண்ணிப் பார்த்துத்தான் போட்டிருக்கிறாய். எட்டு நாள் எனக்கு மிச்சம் வைத்தாய்.

நேற்று அறுபது. நாள் முழுக்க அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாய் உள்ளேயிருந்து வந்தது. அவ்வளவுதான் வந்தது.

இன்று நூலகத்துக்குப் போய், நீ குறித்திருந்த வருஷத்துப் பைண்டை இறக்கினேன். பக்கம் நான்கு இல்லை. பக்கமே இல்லை. என் வெள்ளைத்தாள்தான் இருந்தது. 'இதழ் வெளிவரவில்லை', கீழே என் அழகான கையெழுத்து. அந்த வேலைநிறுத்த வாரம் அது, அண்ணா. ஜனவரியில்கூட உனக்கு எழுதினேனே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் தேதி உறையைப் பிரித்த உடனேயே அந்தத் தேதியைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பைண்டு எட்டு அடி தூரத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும் என்று எடுக்கவில்லை. அதைவிட, நீ அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்து நாலு வருஷத்தில் அவனைக் கேட்காமல் நீ எழுதிய முதல் கடிதம் அது. அப்போதே தெரிந்துவிட்டது, நீ பத்திரிகையைத் திறந்துவிட்டாய் என்று.

ஏன் இப்படிச் செய்தாய் என்று திட்டத்தான் உட்கார்ந்தேன். படுபாவி, ஐந்து நாள் என்னை அங்கே உட்கார வைத்துவிட்டாயே! ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? சுரங்கத்தில்தான் இருக்கிறான், வெளியே வர முடியவில்லை என்று உனக்கு எழுதினேன். நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை.

இன்று மத்தியானம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபதாம் தேதி காலை அடைக்கிறார்கள். தனியாகப் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மார்ச்சில் நான் அனுப்பிய சீட்டைத் திருப்பி அனுப்பு. பெற்ற பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் என் கையாலேயே மூன்று புள்ளி வைத்தேன். அதை அழிக்க வேண்டும்.

தங்கச்சி


ஏப்ரல் 15

தங்கச்சி,

என் நெஞ்சைக் கேட்டிருந்தாய். அது நிற்கவில்லை. மார்ச் பத்தொன்பதாம் தேதி அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பெயரைப் படித்தேன். டாக்டர் பயமுறுத்தியதெல்லாம் பொய். எதைப் படித்தாலும் கூசாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு வரி எழுதினால் சுரங்கம் இடிந்துவிடுமா என்று எழுதிய கை இது. பதினைந்தாவதும் அப்படித்தான் என்று எழுதிய கையும் இதுதான். வேலைக்குச் சொல்லி அனுப்பியதும் இதே கை. இந்தக் கையால் உனக்கு ஒரு நல்ல செய்தி எழுதிவிட வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது. எங்கள் அலுவலகத்துக் கோப்பில் அந்த வாரத்து இதழ்கள் மட்டும் இல்லை. தொலைந்துவிட்டன என்று நினைத்தேன். யாரும் சரிபார்க்க முடியாத இடம் என்று பார்த்துப் பார்த்து அந்தத் தேதியைப் போட்டேன். பத்திரிகையே வராத நாளில் உன் பிள்ளையை உயிரோடு எழுப்பியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை.

பதினெட்டாம் தேதி ரயிலில் நானும் உன் அண்ணியும் வருகிறோம். இருபதாம் தேதி நீ தனியாக நிற்க மாட்டாய்.

சீட்டைத் தபாலில் அனுப்பவில்லை, கையில் கொண்டுவருகிறேன். இந்த மையை ரப்பர் அழிக்காது. பிளேடால்தான் சுரண்ட வேண்டும், தாள் கிழியாமல். அது எனக்குத்தான் வரும். மூன்று புள்ளியையும் நான் சுரண்டித் தருகிறேன். பெயரை நீ எழுது.

பக்க எண்ணை எழுதிவிட்டேன். முதல் பக்கம்.

அண்ணன்